உசியா ராஜா எந்த நொடியில் விழுந்தான்?

கேள்வி
எழுதியவர்: வாலிபர் வகுப்பு ஆசிரியை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு என் ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாலிபர்களுக்கு ஒரு மணி நேரம் வேதபாட வகுப்பு நடத்திவருகிறேன். "அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை" என்ற நீதிமொழிகள் 16:18-ஐ எடுத்துக்கொண்டு, அகந்தையினால் விழுந்தவர்களை வாரத்துக்கு ஒருவராக இந்த மாதம் படித்துவருகிறோம். பார்வோனையும், மொர்தெகாய்க்காகத் தான் நாட்டிய 50 முழத் தூக்குமரத்தில் தானே தொங்கிய ஆமானையும் படித்தபோது பிள்ளைகளுக்கு எந்தச் சிக்கலும் எழவில்லை. கெட்டவர்கள் கெட்டுப்போனார்கள் என்று எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். சென்ற வாரம் 2 நாளாகமம் 26-ஆம் அதிகாரத்துக்கு வந்தபோதுதான் வகுப்பு அப்படியே நின்றுவிட்டது.

உசியா 16 வயதில் ராஜாவாகி, எருசலேமில் 52 வருஷம் அரசாண்டவன். சகரியா என்னும் தேவமனிதனுடைய நாட்களில் கர்த்தரைத் தேடினவன். பெலிஸ்தரை வென்றான், ஏலோத்தை மீண்டும் யூதாவோடு சேர்த்தான், வனாந்தரத்தில் கோபுரங்களைக் கட்டிக் கிணறுகளை வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமாயிருந்தான். அப்படிப்பட்டவன் ஒருநாள் தூபங்காட்ட ஆலயத்துக்குள் போகிறான். நெற்றியில் குஷ்டரோகம் தோன்றுகிறது. மரணநாள்வரை தனி வீட்டில் வாழ்கிறான்.

வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அக்கா, இவன் விக்கிரகத்தைத் தொழப் போகவில்லையே, கர்த்தருக்குத்தானே தூபங்காட்டப் போனான்? தொழப்போனவனை ஏன் அடித்தார்?" என்று கேட்டாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி, "எசேக்கியாவும் மனமேட்டிமையானான் என்று 32-ஆம் அதிகாரத்திலே இருக்கிறது. அவனுக்கு ஏன் ஒன்றும் நேரவில்லை?" என்றான். நான் அறிந்தவரையில் ஏதோ சொன்னேன். ஆனால் நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த ஞாயிறு அவர்களுக்கு ஒழுங்கான பதிலோடு போக விரும்புகிறேன். உசியாவின் அகந்தை எங்கே தொடங்கியது? அவன் செய்த மீறுதல் என்ன? ஒரே வார்த்தையால் குறிக்கப்படும் பாவத்தில் ஒருவன் எழும்புகிறான், மற்றொருவன் எழும்பவில்லை என்றால், அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? வேதத்தை ஆழ்ந்து வாசித்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற உபதேசியார்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவியின் கேள்வியை மிகவும் மதிக்கிறேன். அதற்கான பதில் அந்த அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் முந்தின அதிகாரத்திலிருந்து வாசித்துவந்தால்தான் அது கண்ணில் படும்.

உசியாவின் தகப்பன் அமத்சியா ஏதோமியரை முறியடித்துவிட்டு வந்த வேகத்தில், இஸ்ரவேலின் ராஜாவாகிய யோவாசை வலியப் போருக்கு அழைத்தான். முட்செடி ஒன்று கேதுருமரத்திடம் பெண் கேட்டு ஆளனுப்பியதாகவும், காட்டுமிருகம் ஒன்று அவ்வழியே போகையில் அந்த முட்செடியை மிதித்துப்போட்டதாகவும் ஓர் உவமையைச் சொல்லியனுப்பி, வீட்டிலேயே இரும் என்று யோவாஸ் எச்சரித்தான். அமத்சியா கேட்கவில்லை. பெத்ஷிமேசிலே பிடிபட்டான்; எருசலேமின் மதிலில் எப்பிராயீம் வாசல் தொடங்கி மூலைவாசல்வரைக்கும் 400 முழம் இடிக்கப்பட்டது. அடுத்த அதிகாரத்தில் மகன் உசியா எருசலேமில் கோபுரங்களைக் கட்டுகிறபோது, பட்டியலில் முதலாவது வருவது அந்த மூலைவாசல்தான். தகப்பனுடைய அகந்தை எந்த இடத்தில் மதிலை இடித்ததோ அந்த இடத்திலேயே மகன் கோபுரம் எழுப்பி நின்றான். உசியா அறியாமல் விழுந்தவன் அல்ல என்பதை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை. சிறுவனாயிருந்த காலமுதல் அந்த இடிந்த மதிலைப் பார்த்து வளர்ந்தவன் அவன்.

அடுத்து, அவனுடைய பெயரைக் கவனியுங்கள். ராஜாக்களின் புத்தகத்தில் இவனுக்கு அசரியா என்று பெயர். எபிரெயுவில் அசரியா என்றால் கர்த்தர் உதவினார் என்பது பொருள். உசியா என்றால் கர்த்தரே என் பெலன் என்பது பொருள். 26-ஆம் அதிகாரத்தின் முதல் பாதி முழுவதும் இவ்விரண்டு பெயர்களின் விரிவுரைபோல் இருக்கிறது. பெலிஸ்தருக்கு விரோதமாகத் தேவன் அவனுக்கு உதவினார் என்று 7-ஆம் வசனம் சொல்லுகிறது. 3,07,500 பேர் கொண்ட சேனை, அவர்களுக்குத் தலைவராக 2,600 பராக்கிரமசாலிகள், மதில்மேலிருந்து அம்புகளையும் பெரிய கற்களையும் எறிவதற்கு நிபுணர்கள் செய்த யந்திரங்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், 15-ஆம் வசனத்தில், அவன் பலப்படும்வரைக்கும் ஆச்சரியமான விதமாய் உதவி பெற்றான் என்று முடிக்கிறார் ஆசிரியர். 16-ஆம் வசனம் "அவன் பலப்பட்டபோது" என்று தொடங்குகிறது. இரண்டு வசனங்களுக்கும் நடுவில் எந்தச் சம்பவமும் இல்லை. உதவி பெற்றவன் என்ற நினைவு போய், பலவான் என்ற நினைவு மட்டும் தங்கிவிட்டது. அகந்தை எங்கே தொடங்கியது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: பெலன் யாரிடமிருந்து வந்தது என்பதை அவன் மறந்தபோது தொடங்கியது. அதற்கு நாளும் தேதியும் இல்லை, அவனுக்கே தெரிந்திருக்காது.

இனி தூபத்தைப் பற்றி. சுற்றிலுமிருந்த தேசங்களில் ராஜாவே பூசாரிகளுக்கும் தலைவனாயிருந்தான். எகிப்தின் பார்வோன் அப்படித்தான். அசீரியாவின் ராஜாவும் தன்னை அசூர் தெய்வத்தின் ஆசாரியன் என்றே அழைத்துக்கொண்டான். யூதாவில் மட்டும் அரசு தாவீதின் வம்சத்துக்கும், பரிசுத்த ஸ்தலத்தின் ஊழியம் ஆரோனின் வம்சத்துக்கும் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது, அந்த நாட்டின் மிகப் பெரிய மனிதன்கூட நுழையக்கூடாத ஓர் அறை அவனுடைய அரண்மனைக்கு அருகிலேயே இருந்தது. எண்ணாகமம் 16-இல் கோராகின் கூட்டத்தார் 250 பேர் தூபகலசங்களோடு நின்று மாண்டபின், அந்தக் கலசங்களைத் தட்டையான தகடுகளாக அடித்துப் பலிபீடத்தை மூடினார்கள். ஆரோனின் சந்ததியல்லாதவன் தூபங்காட்ட வரக்கூடாது என்பதற்கு அது அடையாளம். எல்லாம் பெற்ற உசியாவுக்குப் பெறாதது அந்த ஒன்று மட்டுமே. தொழுகையை நாடி அவன் போகவில்லை என்பதே என் எண்ணம். தொழுவதற்கு அவனுக்குப் பிராகாரம் முழுவதும் திறந்திருந்தது. வாய்க்காத அந்த ஒரு மேன்மைக்காகவே உள்ளே போனான். இது என் ஊகம் மட்டுமல்ல. "இது கர்த்தரால் உமக்கு மேன்மையாக வாய்க்காது" என்ற பொருளில்தான் ஆசாரியனும் அவனிடம் பேசுகிறான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவன் வாசற்படியைத் தாண்டியபோது ஒன்றும் நேரவில்லை. தூபகலசத்தைக் கையில் எடுத்தபோதும் ஒன்றும் நேரவில்லை. ஆசாரியர்கள், அவர்களில் 80 பேர் பராக்கிரமசாலிகள், அவன் பின்னே வந்தார்கள். ராஜா என்றும் பாராமல், "உசியாவே, இது உமக்கு அடுத்ததல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்பொழுது உசியா கோபங்கொண்டான். அவன் ஆசாரியரோடு கோபமாய்ப் பேசிக்கொண்டிருக்கையில்தான் நெற்றியில் ரோகம் தோன்றிற்று என்று 19-ஆம் வசனம் அழுத்திச் சொல்லுகிறது. கோபம் என்ற சொல் ஒரே வசனத்தில் இரண்டு தடவை வருகிறது. அவனுக்கு எதிரே நின்ற பிரதான ஆசாரியனுடைய பெயர் என்ன தெரியுமா? அசரியா. கர்த்தர் உதவினார். ஆயுள் முழுவதும் பெற்ற உதவி கடைசியாக ஒருமுறை மனித உருவில் எதிரே வந்து நின்று, வெளியே போம் என்றது. அன்று அவன் கலசத்தைக் கீழே வைத்திருந்தால் அந்த அதிகாரம் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நாளாகமத்தின் மற்ற ராஜாக்கள். ரெகொபெயாம் திடப்பட்டபின் கர்த்தரின் வேதத்தை விட்டுவிட்டான். எகிப்தின் ராஜா சீஷாக் 1,200 இரதங்களோடும் 60,000 குதிரைவீரரோடும் வந்தபோது, செமாயா தீர்க்கதரிசி சொன்னதைக் கேட்டு, கர்த்தர் நீதியுள்ளவர் என்று சொல்லித் தன்னைத் தாழ்த்தினான். பொற்கேடகங்கள் போயின, நகரம் தப்பியது. ஆசாவோ, அனானி என்னும் ஞானதிருஷ்டிக்காரன் கடிந்துகொண்டபோது அவனைக் காவலறையில் அடைத்தான். அமத்சியா, உன்னை ராஜாவுக்கு ஆலோசனைக்காரனாக வைத்தது யார் என்று தீர்க்கதரிசியின் வாயை அடைத்தான். 55 வருஷம் அரசாண்டு செய்யாத அக்கிரமமெல்லாம் செய்த மனாசேகூட, சங்கிலிகளோடு பாபிலோனில் கிடந்தபோது தன்னை மிகவும் தாழ்த்தினான். மீண்டும் எருசலேமுக்கு வந்தான். கடைசி ராஜாவாகிய சிதேக்கியாவைப் பற்றி, எரேமியாவுக்கு முன்பாகத் தன்னைத் தாழ்த்தவில்லை என்று எழுதியிருக்கிறது; அதன்பின் நகரமே இல்லை. தாழ்த்தினான், தாழ்த்தவில்லை என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு ராஜாவிடமும் கேட்டுக்கொண்டே அந்தப் புத்தகம் நடக்கிறது. உங்கள் பின்வரிசைத் தம்பிக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. மனமேட்டிமை எசேக்கியாவுக்கும் வந்தது. ஆனால் அவன் அதைவிட்டுத் தன்னைத் தாழ்த்தினான் என்று 32:26 சொல்லுகிறது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உசியாவைக் குறித்து மனம் உயர்ந்தது என்று வரும் அதே எபிரெயுச் சொற்றொடர், 17:6-இல் யோசபாத்தைக் குறித்து நல்ல பொருளில் வருகிறது. தமிழ் வேதாகமத்தில் அதை உற்சாகம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அங்கே மனம் உயர்ந்தது கர்த்தருடைய வழிகளில். ஆகையால் மனம் உயர்வதே பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். நன்றாகப் படிக்கிற, நன்றாகப் பாடுகிற பிள்ளைகளை அப்படிச் சொல்லியே ஒடுக்கிவிட்ட வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நடத்தியிருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

மறுமொழி
எழுதியவர்: செவிலியர்

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். மூலைவாசலைப் பற்றி இதுவரை நான் கவனித்ததே இல்லை. நன்றி.

ஆனால் ஆசிரியை அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. நான் தொழுநோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனையில் பல வருஷங்கள் வேலை செய்தவள். உசியாவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவனுடைய நோயைக் குறித்து நீங்கள் சொல்லப்போகும் இரண்டு மூன்று வாக்கியங்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் குஷ்டரோகம் என்று வருவது, எபிரெயுவில் பலவகையான தோல் மாற்றங்களுக்கும் பொதுவாக வழங்கிய ஒரு சொல். லேவியராகமம் 13-ஆம், 14-ஆம் அதிகாரங்களை வாசித்தால் அது வஸ்திரத்திலும் தோன்றுகிறது, வீட்டுச் சுவரிலும் தோன்றுகிறது. நாம் இன்று தொழுநோய் என்று சொல்லுவது ஒரு கிருமியால் வருவது. அந்தக் கிருமியை 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். கூட்டு மருந்துச் சிகிச்சையை உரிய காலம் எடுத்துக்கொண்டால் முழுவதும் குணமாகிவிடுகிறது. இதைச் சொல்லாமல் உசியாவின் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால், கேட்கிற பிள்ளையின் மனதில் நோயும் தண்டனையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. எங்கள் வார்டில் ஒரு தாயார் இருந்தார். ஊரில் நடந்த ஒரு கூட்டத்தில், பிரசங்கியார் உசியாவின் கதையைச் சொல்லி, மேடையிலிருந்தபடியே, உள்ளே ஒளித்துவைத்திருக்கும் பெருமையைத் தேவன் தோலிலே வெளிப்படுத்துவார் என்று பேசினாராம். அந்த அம்மா அப்போது கையில் உணர்ச்சியற்ற தேமல் ஒன்றை மறைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். அதன்பின் ஒன்றரை வருஷம் அவர் மருத்துவரிடம் போகவில்லை. என்ன பெருமை செய்தேன் என்று தேடித்தேடி அறிக்கை செய்துகொண்டிருந்தார். எங்களிடம் வந்தபோது விரல்கள் மடங்கிவிட்டன. அவர் வாழ்நாளில் பெருமைப்படுவதற்கு என்ன இருந்தது என்று நான் இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

வேதமே இந்தத் தவறைத் தடுத்திருக்கிறது. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டதற்கு, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று கர்த்தர் சொன்னார். யோபுவின் நண்பர்கள் நோயைக் கண்டு பாவத்தை ஊகித்தார்கள். அவர்கள் பேசியது சரியல்ல என்று தேவனே முடிவில் சொல்லுகிறார். அகந்தையுள்ள உசியாவுக்கு நோய் வந்தது என்பது அந்த அதிகாரம். நோய் வந்தவரெல்லாம் உசியா என்று எந்த அதிகாரத்திலும் இல்லை. நீங்கள் இதைச் சொல்லவில்லை என்றால் வகுப்பில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளை, வீட்டில் நோயோடு படுத்திருக்கும் தன் தாத்தாவையோ அம்மாவையோ நினைத்துக்கொண்டு மௌனமாகப் போய்விடும். தயவுசெய்து சொல்லுங்கள்.

உசியாவின் வழக்கில் அந்த அடையாளத்துக்கு ஒரு தனிக்காரணம் இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன். பிரதான ஆசாரியன் தன் நெற்றியில், கர்த்தருக்குப் பரிசுத்தம் என்று வெட்டப்பட்ட பொற்பட்டத்தை அணிந்திருப்பான். ஆசாரியனுடைய வேலையைப் பறிக்க வந்தவனுக்கு அந்த நெற்றியிலேயே தீட்டின் அடையாளம் வந்தது. அது அந்த மனிதனுக்கும் அந்த இடத்துக்கும் உரியது. அதைப் பிரித்தெடுத்து எல்லோர்மேலும் ஒட்டக்கூடாது.

மறுமொழி
எழுதியவர்: வாலிபர் வகுப்பு ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை வாசித்தபோது எனக்கு நெஞ்சம் கனத்துவிட்டது. சென்ற வாரமே நான் அந்த நோயைக் குறித்து எந்த விளக்கமும் இல்லாமல் கடந்துபோயிருக்கிறேன். இந்த ஞாயிறு முதலில் அதைத்தான் சரிசெய்வேன்.

ஐயா அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்கலாமா? எசேக்கியா தன்னைத் தாழ்த்தியதால் தப்பினான் என்றால், பாபிலோன் தூதருக்குப் பொக்கிஷசாலையைக் காட்டியதற்காக ஏசாயா சொன்ன தண்டனை அவன் பிள்ளைகள்மேல் அல்லவா வந்தது? அந்தத் தம்பி கட்டாயம் இதைக் கேட்பான்.

மறுமொழி
எழுதியவர்: பழைய கிழக்கின் வரலாறு படிப்பவர்

ஐயாவிடம் கேட்ட கேள்விக்கு நான் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த இடத்தில் ஐயாவோடு எனக்குச் சிறிது கருத்து வேறுபாடு உண்டு.

எசேக்கியா தப்பினான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. 32:25 அவனுடைய குற்றத்தைக் குறிக்கும் முறையைப் பாருங்கள்: தனக்குச் செய்யப்பட்ட உபகாரத்துக்குத் தக்கதாக அவன் நடக்கவில்லை என்கிறது. மரணப்படுக்கையிலிருந்து எழுந்து 15 வருஷம் கூடுதலாகப் பெற்றவன், அந்த உபகாரத்தை விசாரிக்க வந்த தூதரிடம் உபகாரஞ்செய்தவரைக் காட்டாமல் பொன்னையும் வெள்ளியையும் ஆயுதசாலையையும் காட்டினான். பாபிலோனுக்குச் சிறைபோவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, என் நாட்களில் சமாதானம் இருக்குமே என்று ஆறுதலடைந்தான். அவனுடைய தாழ்மை நாட்களைத் தள்ளிவைத்தது; விளைவை நீக்கவில்லை. ரெகொபெயாமுக்கும் பொற்கேடகங்கள் திரும்பி வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக வெண்கலக் கேடகங்களைச் செய்துவைத்துக்கொண்டான். மனந்திரும்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பிள்ளைகளிடம் சொன்னால், அப்படி ஆகாத ஒரு நாளில் அவர்கள் இடறிப்போவார்கள்.

நான் அந்த வகுப்பை நடத்தினால், எழும்பினவனுக்கும் எழும்பாதவனுக்கும் எடுத்துக்காட்டாக யூதாவின் ராஜாக்களைவிடப் பாபிலோனின் இருவரையே எடுப்பேன். நேபுகாத்நேச்சார் அரண்மனையின்மேல் உலாவிக்கொண்டு, இது நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா என்று சொன்ன இடம் தானியேல் 4-இல் இருக்கிறது. அது வெறும் வாய்ப்பேச்சாக இருக்கவில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் கோல்டெவே 1899 முதல் 1917 வரை பாபிலோனின் இடிபாடுகளைத் தோண்டியபோது, நேபுகாத்நேச்சார், பாபிலோனின் ராஜா, நபோபொலாசரின் மூத்த குமாரன் என்று முத்திரை குத்திய செங்கற்களைக் கணக்கின்றிக் கண்டார்கள். சுவருக்குள்ளே மறைந்து, யார் கண்ணுக்கும் படாத செங்கல்லிலும் தன் பெயரைப் பதித்தவன் அவன். நீலச் சுட்டகற்களால் அவன் கட்டிய இஷ்தார் வாசலை இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் மீண்டும் எழுப்பி வைத்திருக்கிறார்கள். தன் கைவேலையைக் குறித்து அவன் சொன்னதில் பொய் இல்லை. நகரத்தைக் கட்டினது மெய்யாகவே அவன்தான். அகந்தை பெரும்பாலும் மெய்யான சாதனையின்மேல்தான் வந்து உட்காருகிறது. உசியாவின் யந்திரங்களும் மெய்யானவையே.

அந்த வார்த்தை அவன் வாயில் வருவதற்குமுன் கழிந்த காலத்தைப் பாருங்கள். வெட்டப்பட்ட மரத்தின் சொப்பனத்துக்குத் தானியேல் பொருள் சொன்னபோது, கூடவே ஓர் ஆலோசனையும் சொன்னான்: நீதியைச் செய்து, சிறுமையானவர்களுக்கு இரங்கி, உமது பாவங்களை அகற்றிவிடும், ஒருவேளை உமது வாழ்வு நீடிக்கும் என்று. அகந்தைக்குத் தானியேல் சொன்ன மருந்து ஏழைக்கு இரங்குவது என்பதை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப்பார்க்கிறேன். தாழ்மையாகப் பேசு என்றோ, தலையைக் குனிந்து நட என்றோ அவன் சொல்லவில்லை. அதன்பின் 12 மாதம் கழிந்தது. ஐயா சொன்ன அந்த நொடி உசியாவுக்குச் சில நிமிடமாக இருந்தது என்றால், நேபுகாத்நேச்சாருக்கு ஒரு முழு வருஷமாக இருந்தது. அதையும் அவன் தவறவிட்டான். ஆகையால் கடிந்துகொள்ளுதலைக் கேட்டவன் எழும்பினான், கேளாதவன் விழுந்தான் என்ற ஐயாவின் விதி இங்கே முழுவதும் பொருந்தவில்லை. கேளாதவனும், ஏழு காலங்கள் மாடுகளைப்போல் புல்லைத் தின்றபின், கண்களை வானத்துக்கு ஏறெடுத்தான், புத்தி திரும்பிவந்தது, ராஜ்யமும் திரும்பிவந்தது.

அதற்கு எதிர்ப்புறத்தில் பெல்ஷாத்சார். எருசலேம் ஆலயத்தின் பாத்திரங்களில் திராட்சரசம் குடித்துக்கொண்டிருந்த இரவில் சுவரில் எழுத்துத் தோன்றியது. தானியேல் அவனிடம் முதலில் அந்த எழுத்தைப் படிக்கவில்லை. நேபுகாத்நேச்சாரின் கதையை முழுவதும் எடுத்துச் சொல்லிவிட்டு, இதையெல்லாம் அறிந்திருந்தும் நீர் உம்மைத் தாழ்த்தவில்லை என்றான். கி.மு. 539-இல் பாபிலோன் பெர்சியரின் கைக்குப் போனது. பெல்ஷாத்சார் நேபுகாத்நேச்சாரிடமிருந்து கற்றிருக்கவேண்டும். உசியா அமத்சியாவிடமிருந்து கற்றிருக்கவேண்டும். அறிந்திருந்தும் என்ற அந்த ஒரு சொல்தான் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற உபதேசியார்

தம்பி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எசேக்கியாவை நான் விரைந்து கடந்துவிட்டேன். நேபுகாத்நேச்சாரும் என் கணக்குக்குள் அடங்கவில்லை என்பது உண்மை. கேளாதவனுக்கும் கிருபை உண்டு என்பதை ஒரு விதிக்காக நான் மறந்திருக்கக்கூடாது.

அறிந்திருந்தும் என்று தம்பி எழுதியவுடன் எனக்கு உசியாவின் மகன் நினைவுக்கு வந்தான். தகப்பன் தனி வீட்டில் இருந்த நாட்களில் அரண்மனையைப் பார்த்துக்கொண்டவன் யோதாம். 27-ஆம் அதிகாரத்தில் அவனைப் பற்றி, தகப்பன் செய்த நல்லதையெல்லாம் செய்தான், ஆனாலும் கர்த்தருடைய ஆலயத்துக்குள் மட்டும் பிரவேசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. சிலர் இதை, பயந்து ஆராதனையையே விட்டுவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வசனத்திலேயே அவன் ஆலயத்தின் உயர்ந்த வாசலைக் கட்டுகிறான். வாசலைக் கட்டினான், அதைத் தாண்டித் தனக்கு அடுக்காத இடத்துக்குப் போகவில்லை. 6-ஆம் வசனத்தில் யோதாம் பலப்பட்டான் என்று வருகிறது. தகப்பனுக்கு வந்த அதே சொல். அவன் அதைத் தாங்கினான். மூன்று தலைமுறையில் ஒருவன் கற்றுக்கொண்டான். ஒன்பதே வசனங்கள் கொண்ட சிறிய அதிகாரம். வகுப்பில் வாசிக்க நேரம் இருக்கும்.

ஏசாயா 6-ஐயும் அதோடு சேர்த்து வாசியுங்கள். உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில் ஏசாயா கண்ட தரிசனம் அது. அங்கேயும் ஆலயம், அங்கேயும் புகை, அங்கேயும் பலிபீடத்தின் நெருப்பு. ஒருவன் நெருப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மற்றவன், ஐயோ, நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன் என்று வாசலிலேயே நின்றான். சேராபீன் குறட்டினால் நெருப்புத்தழலை எடுத்து அவனிடம் கொண்டுவந்தான்.

உசியாவின் கல்லறையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். குஷ்டரோகி என்று சொல்லி, ராஜாக்களின் கல்லறையில் வைக்காமல் அதை அடுத்த நிலத்தில் அடக்கம் செய்தார்கள். ஒலிவமலையிலுள்ள ஒரு ரஷ்ய மடத்தின் சேகரிப்பில், 1931-ஆம் ஆண்டில் சுக்கேனிக் என்னும் ஆய்வாளர் ஒரு கல்வெட்டைக் கண்டார். அரமேய எழுத்தில், யூதாவின் ராஜாவாகிய உசியாவின் எலும்புகள் இங்கே கொண்டுவரப்பட்டன, திறக்கக்கூடாது என்று அதில் இருந்தது. அவன் இறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் வெட்டப்பட்ட கல் அது. செத்த பிறகும் அவனுக்கு ஓர் இடம் நிலையாக வாய்க்கவில்லை என்பதை நினைக்கும்போது, என்னால் அவனைக் குறித்துக் கடுமையாகப் பேச முடிவதில்லை.

மறுமொழி
எழுதியவர்: வாலிபர் வகுப்பு ஆசிரியை

என்னிடம் இருந்த பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டேன். இந்த ஞாயிறு முதலில் செவிலியர் அம்மா சொன்னதை, அவர் எழுதிய அதே வரிசையில், பிள்ளைகளுக்குச் சொல்லப்போகிறேன். பிறகு 2 நாளாகமம் 25, 26, 27 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசிக்கச் செய்து, 26:18 முடிந்தவுடன் நிறுத்தி, வேதாகமத்தை மூடிவைக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன். ஆசாரியர்கள் பேசி முடித்துவிட்டார்கள், தூபகலசம் இன்னும் அவன் கையில் இருக்கிறது, இப்போது உசியாவின் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்த எண்பது பேரிடம் என்ன சொல்லுவீர்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். அந்த மாணவி எழுதுவதைத்தான் நான் முதலில் வாசிக்க விரும்புகிறேன். நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுவேன்.